கூரைக்குள் புகுந்த வெயில்: அரியலூர், பெரம்பலூர் வீடுகளின் கதை

வீடு என்றதும் எல்லோரும் சுவரைப் பற்றியும் வாசலைப் பற்றியும் பேசுவார்கள். கூரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஒழுகினால் தவிர! ஆனால் நம் ஊர் போன்ற இடத்தில், சித்திரை வைகாசி மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும் அரியலூரிலும் பெரம்பலூரிலும், வீட்டுக்குள் மனிதன் இருக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது சுவர் இல்லை, கூரைதான். காரணம் எளிது. உச்சி வெயில் சுவரில் சாய்வாகத்தான் விழும். கூரையில் நேராக விழும், அதுவும் காலை முதல் மாலை வரை.

மேலைநாட்டுக் கட்டட விதிகளைப் புரட்டினால் ஒரு விஷயம் வியப்பாக இருக்கும். ஓட்டுக் கூரைக்கும் உள் மேல்தளத்துக்கும் நடுவே உள்ள இடத்தை (நம்மூரில் பரண் என்கிறோமே, கிட்டத்தட்ட அது) எவ்வளவு தடிமனாகப் பொதிய வேண்டும், அதற்குள் காற்று வந்துபோக எத்தனை துவாரம் விட வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கு ஒரு கணக்கே உண்டு. பரணின் பரப்பில் 150-ல் ஒரு பங்கு காற்றுத் துவாரம் வேண்டும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் 300-ல் ஒரு பங்கு போதும். இந்த 300-ல் ஒரு பங்கு என்ற கணக்கு 1942-ல் அங்கே வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தந்த அரசு நிர்வாகம் வகுத்த விதிகளில் இருந்து வந்தது. அவர்களுக்குப் பயம் வெயில் இல்லை, பனிக்காலத்தில் வீட்டுக்குள் இருந்து மேலே ஏறும் ஈரம் கூரை மரத்தில் படிந்து அதை உளுக்க வைத்துவிடும் என்பதுதான். அப்படியானால் வெயிலுக்குப் பயந்தவர்கள் என்ன செய்தார்கள்? அதற்கு விதிப் புத்தகத்தை விட்டுவிட்டு மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

தோண்டியும் பார்த்திருக்கிறார்கள். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலை எல்லோரும் பார்த்திருப்போம். அங்கிருந்து சற்றுத் தள்ளி உட்கோட்டை கிராமத்தில் மாளிகைமேடு என்று ஒரு மேடு இருக்கிறது. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 1980-களில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தபோது ராஜேந்திர சோழனின் அரண்மனையின் அடித்தளம் வெளிப்பட்டது. 2021 முதல் மறுபடியும் தோண்டத் தொடங்கினார்கள். பருத்த செங்கல் சுவர்கள், கருங்கல் அடித்தளத்தின் மேல் நின்றிருக்கக்கூடிய மரத்தூண்கள், இரும்பு ஆணிகள் இவற்றோடு சிறிய தட்டையான ஓடுகளும் கிடைத்தன. அந்த ஓடுகளை ஒரு வரிசை மட்டும் பரப்பவில்லை, நைஸான சுண்ணாம்புச் சாந்தில் பல வரிசைகளாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேற்கூரை போட்டிருக்கிறார்கள்.

இதை வாசிக்கும்போது நம் தாத்தா காலத்து மாடி வீடு ஞாபகம் வரவில்லையா? வரத்தான் வேண்டும். கிட்டத்தட்ட 1000 ஆண்டுகளுக்குப் பிறகும் கொத்தனார்கள் மொட்டை மாடியில் சுண்ணாம்பில் தட்டோடு பதித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் இந்த வகைக் கூரைக்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர் நிலைத்துவிட்டது. தேக்கு விட்டங்களை வரிசையாகப் போடுவார்கள். அதன் மேல் சின்னச் சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பிணைப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை நாலைந்து அங்குலம். இதுதான் கூரையின் உயிர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கட்டை திரும்பத் துள்ளி எழும் அளவுக்குக் கலவை இறுகிய பிறகுதான் தட்டோடு. சுண்ணாம்புக்கும் வெளியூர் போக வேண்டியதில்லை. ஓடைக்கரையிலும் வயலிலும் கிடைக்கும் சுக்கான் கல்லைக் காளவாயில் சுட்டால் ஆயிற்று.

இந்தக் கூரையின் சூட்சுமம் அதன் தடிமனிலும் செங்கல் ஜல்லிக்குள் இருக்கும் நுண்ணிய காற்றுத் துளைகளிலும் இருக்கிறது. காற்று அடைபட்டுக் கிடக்கும் இடத்தில் வெப்பம் வேகமாக நகராது. மதியம் 2 மணிக்கு மேலே ஏறிய சூடு கீழே வந்து சேர இரவாகிவிடும், அதுவும் பாதியாகத் தேய்ந்துதான் வரும். அதற்குள் ஜன்னலைத் திறந்துவிட்டால் இரவுக் காற்று அதைக் கொண்டுபோய்விடும்.

இது வசதி உள்ளவர்கள் வீடு. நடுத்தரக் குடும்பங்கள் நாட்டு ஓட்டு வீட்டில் இருந்தன. ஓட்டுக்கு ஓடு இடைவெளி இருப்பதால் சூடான காற்று தானாகவே மேலே ஏறி வெளியேறிவிடும். கொஞ்சம் வசதி கூடினால் ஓட்டுக்குக் கீழே பலகை அடித்து மச்சு போட்டுக்கொண்டார்கள். நெல்லும் பழைய பாத்திரமும் அங்கே போகும். வெயிலை ஓடு வாங்கிக்கொள்ளும், ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவே உள்ள காற்று சூடாகி ஓட்டு இடுக்கு வழியே போய்விடும், கீழே படுத்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அமெரிக்க விதிப்புத்தகம் துவாரக் கணக்குப் போட்டுக் கேட்கும் காற்றோட்டப் பரண் இங்கே யாரும் கேட்காமலேயே இருந்தது! 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு அந்தச் சீமை ஓடும் மெல்ல மெல்ல தமிழ்நாட்டுக்கு வந்தது. அது ஒன்றோடொன்று கொக்கி போட்டு இறுக்கமாக உட்காரும், மழைக்கு நல்லது. காற்றுப் போக்கு கொஞ்சம் குறைவு.

மீதிப் பேர்? அவர்கள்தான் அதிகம். பனையோலை, கரும்புத் தோகை, வைக்கோல், தென்னங்கீற்று என்று அந்தந்த ஊரில் எது கிடைக்கிறதோ அதைப் போட்டு வேய்ந்த குடிசைகள். ஏழையின் வீடு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம், ஆனால் வெப்பத்தைத் தடுப்பதில் கீற்றுக்கு இணையாகக் குறைந்த செலவில் இன்னொரு பொருள் கிடைப்பது கடினம். உள்ளே முழுக்கக் காற்றுதான், அதுவும் கசிந்து வெளியேறும் காற்று. மண் சுவரும் கீற்றுக் கூரையும் உள்ள வீட்டில் மே மாத மதியம் படுத்துத் தூங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதன் குறையும் எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு தீப்பொறி போதும். அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தால் ஒரு தெருவே சாம்பலாகும். வருடா வருடம் இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தி வராத மாவட்டம் அந்தக் காலத்தில் இல்லை. பாம்பு, தேள், மழைக்கால ஒழுகல், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுக் கீற்று மாற்றும் செலவு இவையெல்லாம் தனி.

ஆக, சட்டம் முதலில் கூரையைப் பார்த்ததே தீயின் கண் வழியாகத்தான். 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே புல், ஓலை, பாய் போன்ற தீப்பிடிக்கும் பொருட்களால் அனுமதியில்லாமல் கூரை போடக்கூடாது என்று இருக்கிறது. அந்தக் கூரை எவ்வளவு சூட்டை உள்ளே விடுகிறது என்று கேட்கும் வழக்கம் பிற்பாடுதான் வந்தது.

இதற்கிடையில் சிமெண்ட் வந்தது. 1939-ல் கல்லக்குடியில் டால்மியா ஆலை. ஊர்ப் பெயரே டால்மியாபுரம் ஆகி, அதை மாற்றக் கோரி 1953-ல் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் கிடந்த இந்தப் பகுதியில் சிப்பியும் நத்தையும் சேர்ந்து உண்டாக்கிய சுண்ணாம்புக்கல் தாராளம். 1979-ல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை தொடங்கியது. பிறகு ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர் என்று வரிசையாகத் தனியார் ஆலைகள். (மாவட்டம் உருவான கதைதான் குழப்பம். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது, 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, 2002-ல் மறுபடி சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். ஆலைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன!)

கான்கிரீட் கூரைக்கு என்ன விதி? 1953-ல் இந்தியத் தர நிறுவனம் ஐ.எஸ். 456 என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. இன்றைக்கும் ஒவ்வொரு சிவில் மாணவனும் இதைத் தலையணையாக வைத்துத்தான் தூங்குகிறான். கம்பி எத்தனை, கலவை என்ன விகிதம், எவ்வளவு பாரம் தாங்கும் என்று எல்லாம் அதில் உண்டு. கூரை இடிந்து தலையில் விழாமல் இருக்க வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. வெயில் தலையில் விழாமல் இருப்பது அதன் வேலை இல்லை.

அந்த வேலையை வேறு புத்தகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். வீடுகளுக்கான வெப்பத் தடுப்பு பற்றி ஐ.எஸ். 3792 என்று ஒரு வழிகாட்டி உண்டு. 1970-ல் முதன்முதலாக தேசியக் கட்டட விதித்தொகுப்பு வந்தது. 1983, 2005, 2016 என்று திருத்தி வெளியிட்டார்கள். குடியிருக்கும் அறையின் உயரம் குறைந்தது 2.75 மீட்டர் வேண்டும். சாய்கூரை என்றால் சராசரி உயரம் 2.75 மீட்டர், இறவாரத்தில் 2.1 மீட்டர். ஈரமும் வெப்பமும் உள்ள ஊர்களில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் இருக்க வேண்டும், வறண்ட வெப்பமான ஊரில் பத்தில் ஒரு பங்கு போதும். கதவு இந்தக் கணக்கில் சேராது. அதாவது 10-க்கு 10 அறைக்கு நம் பக்கத்தில் கிட்டத்தட்ட 17 சதுர அடி ஜன்னல். 4-க்கு 4 ஜன்னல் ஒன்று வைத்தாலும் கணக்கு இடிக்கும். உங்கள் அறையை அளந்து பாருங்கள், தெரியும்.

பரணைப் பற்றி அதில் என்ன இருக்கிறது? சாய்கூரைக்குள் மிஞ்சும் இடம், சாமான் வைப்பதற்கு உரியது, உயரம் 1.5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அவ்வளவுதான் அதன் வரையறை. பரண் வெயிலைத் தடுக்கும் ஒரு காற்று மெத்தை என்ற எண்ணம் அந்த வரையறையில் இல்லை. விளைவு, கான்கிரீட் வீடு வந்தபோது பரண் கூரையை விட்டு இறங்கி அறைக்குள்ளேயே வந்துவிட்டது. ஜன்னலுக்கு மேலே 7 அடி உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் லாஃப்ட்தான் இப்போது பரண். அங்கே பழைய பெட்டியும் கொலுப் பொம்மையும் இருக்கும். பழைய வீட்டில் அதே உயரத்துக்கு மேலே வெண்டிலேட்டர் இருந்தது, சூடான காற்று அதன் வழியாக வெளியேறியது. வெண்டிலேட்டரை அடைத்து லாஃப்ட் போட்டுக்கொண்டோம்!

இருந்தாலும் தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் முழுக்க மறந்துவிடவில்லை. கான்கிரீட் தளம் போட்ட பிறகும் அதன் மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவையும் தட்டோடும் போடும் பழக்கம் தொடர்ந்தது. பொதுப்பணித்துறை மதிப்பீட்டிலும் 'வெதரிங் கோர்ஸ்' என்று அதற்குத் தனி வரி உண்டு. மெட்ராஸ் டெரஸின் மேல் பாதி மட்டும் கான்கிரீட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது என்று சொல்லலாம். சில இடங்களில் மண்சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி அதன் மேல் கலவை போடுவதும் உண்டு, சட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் அங்கே தடுப்பு. ஆனால் சொந்தமாக வீடு கட்டுகிறவர் கையில் காசு தீர்ந்துபோகும் கட்டம் எது? தளம் போட்டு முடித்த கட்டம்தான். 'ஓடு அப்புறம் பதிச்சுக்கலாம்' என்று சொல்லிப் பால் காய்ச்சிவிடுவார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளி. மதிய உணவுச் சமையல் கொட்டகையில் பிடித்த தீ மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்கக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் இறந்துபோனார்கள்.

அந்த மாடியில் ஏன் கீற்று? குறைந்த செலவு என்பது ஒரு பக்கம். தமிழ்நாடு முழுவதும் மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போடும் பழக்கம் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது குளிர்ச்சி. டியூஷன் சென்டர், ஓட்டல், நூலகம் எல்லாம் அப்படித்தான் நடந்தன. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பள்ளிக் கட்டடங்கள் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் பாதுகாப்பு நெறிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. தவறே சொல்ல முடியாத உத்தரவுகள். குழந்தைகளின் தலைக்கு மேல் எரியக்கூடிய கூரை இருக்கவே கூடாது, அதில் மறுபேச்சு கிடையாது. ஆனால் கீற்று இறங்கிய பல இடங்களில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் ஏறின. அவை தீப்பிடிக்காது. அதே நேரம் வெயிலை அப்படியே கீழே இறக்கும். எரியாத கூரை வேண்டும் என்று கேட்ட விதி, வேகாத கூரையும் வேண்டும் என்று சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

வீடுகளிலும் இதே கதை. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவது, முதல் ஆண்டில் 3 லட்சம் என்பது இலக்கு. கல்லக்குடியில் சிமெண்ட் ஆலையின் பெயரை எதிர்த்துப் படுத்தவர், குடிசைகளின் தலையில் சிமெண்ட் கூரை ஏற்றினார் என்பது வரலாற்றின் ஒரு வேடிக்கை. 2011-ல் ஆட்சி மாறியதும் பசுமை வீடுகள் திட்டம். 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 60,000 வீடுகள், சூரிய ஒளி விளக்குகள். விளக்கெரிக்க வெயிலைப் பிடித்தார்கள், பாராட்டலாம். கூரை அதே கான்கிரீட்தான். 2024-ல் கலைஞரின் கனவு இல்லம். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள், ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். 1920-ன் கவலை 2024-லும் அதே சொல்லில் வருகிறது, கவனித்தீர்களா?

இந்த வீடுகளை மட்டம் தட்டுவது எளிது, நியாயம் இல்லை. தீக்கும் பாம்புக்கும் புயலுக்கும் பயந்து வாழ்ந்த ஒரு குடும்பத்துக்குப் பூட்டுப் போடக்கூடிய ஒரு வீடு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று குடிசையில் இருந்தவர்களைக் கேட்க வேண்டும். கேள்வி அதுவல்ல. அதே வீட்டில் மே மாதம் எப்படித் தூங்குவது என்பதுதான்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். ஒரு கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக, மேலும் கீழும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் போகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். வெறும் கான்கிரீட் தளத்துக்கு இது 3.5-க்கும் மேல். 300 சதுர அடி என்பது சுமார் 28 சதுர மீட்டர். வெயிலும் காற்றும் சேர்ந்து கூரைமேல் 60 டிகிரிக்குச் சமமான நிலையை உண்டாக்குகிறது, உள்ளே 35 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 25. பெருக்கினால் கிட்டத்தட்ட 2,450 வாட். அதாவது 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி இரண்டரையைத் தலைக்கு மேல் கவிழ்த்து வைத்த மாதிரி! (கான்கிரீட் சூடாக எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காத தோராயம்தான் இது. உண்மையில் அந்தச் சூடு தாமதித்து, சரியாக நாம் படுக்கப்போகும் நேரத்தில் இறங்கும்.)

2018 டிசம்பரில் மத்திய மின்சார அமைச்சகம் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று குடியிருப்புகளுக்கான விதித்தொகுப்பை வெளியிட்டது. அதில் கூரைக்கு அந்த எண் 1.2-ஐத் தாண்டக்கூடாது என்று வரையறுத்தார்கள். மேலே போட்ட கணக்கில் 1.2-ஐப் போட்டால் 840 வாட் வரும். மூன்றில் ஒரு பங்கு. நமக்குரிய ஈர வெப்பப் பகுதியில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் 16.66 சதவீதம் வேண்டும் என்றும் அதில் இருந்தது, அதாவது அதே பழைய ஆறில் ஒரு பங்கு. நல்ல விதிகள். யாருக்கு? 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனையில் கட்டும் குடியிருப்புத் திட்டங்களுக்கு. அதற்கும் முன்பு, 2007-ல் வந்த எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு வணிகக் கட்டடங்களுக்கு மட்டும் உரியது. ஏ.சி. போட்டு மின்சாரம் எரிக்கிறவர்களிடம் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதுதான் அதன் நோக்கம். ஏ.சி.யே இல்லாதவர் வீட்டில் மிச்சப்படுத்த மின்சாரம் இல்லை, ஆகவே அந்த வீடு கணக்கில் வராது. அவர் மிச்சப்படுத்த வேண்டியது உடம்பை.

2019-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தபோது மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரை ஒரே விதிப்புத்தகம் என்றாயிற்று. அதுவரை ஊராட்சிக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கை என்றே தனியாக ஒன்று கொண்டுவந்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம்.

அந்த 300 சதுர அடிக் கூரையைக் குளிர வைக்கப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட்டு அடித்தாலே மேற்பரப்புச் சூடு கணிசமாகக் குறையும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், வருடா வருடம் அடிக்க வேண்டும் என்பதுதான் தொல்லை. தளம் போடும்போதே கம்பிகளுக்கு நடுவே பழைய ஓடுகளைக் கவிழ்த்து வைத்துக் கான்கிரீட் போடும் முறையை லாரி பேக்கர் கேரளத்தில் ஏராளமான வீடுகளில் செய்து காட்டினார். அதில் சிமெண்டும் மிச்சம், ஓட்டுக்குள் காற்றும் மிச்சம். செங்கல் ஜல்லியும் தட்டோடும் நம் கொத்தனார்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய வேலையும் இல்லை. மதிப்பீட்டுப் பட்டியலில் ஒரு வரி, மானியத்தில் கொஞ்சம் தொகை, அவ்வளவுதான் கூடுதலாக வேண்டும்.

அதுவரை மக்கள் தங்கள் வழியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து உட்கோட்டைக்குப் போகும் வழியிலோ, வேப்பந்தட்டை பக்கமோ தொகுப்பு வீடுகள் உள்ள தெருக்களைப் பார்த்தால் தெரியும். கான்கிரீட் வீட்டுக்கு முன்னால் நாலு கம்பு நட்டு ஒரு கீற்றுச் சாய்ப்பு இறக்கியிருப்பார்கள். டி.வி.யும் பீரோவும் ரேஷன் அரிசியும் கான்கிரீட்டுக்குக் கீழே இருக்கும். மதிய நேரத்தில் தாத்தாவின் கயிற்றுக் கட்டில் மட்டும் சாய்ப்புக்குக் கீழே.